இனித்துப்போன சங்கு

“மனுஷனால தாங்கவே முடியாத ஒரு சத்தம் வேணும்,” என்றான் எய்லிவ். “உங்ககிட்ட இருக்கா?”

தேவாலய ஆர்கனின் இருக்கையிலிருந்து குன்வோர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “எங்க ஆளுங்க ஞாயித்துக்கிழமை பாடி நீங்க கேட்டதில்லையா?”

எய்லிவ் சிரிக்கவில்லை. அவன் மலைக் கண்காணிப்பு நிலையத்தின் பொறியாளன். மலையைப் பற்றிப் பேச வரும்போது அவன் எப்போதுமே சிரிப்பதில்லை.

ராவுஸ்விக் ஊருக்கு நேர் எதிரே, மலைகளுக்கு நடுவே நீளமாக உள்நுழைந்த கடலான ஃபியோர்டின் அக்கரையில் நின்ற அந்த மலையை எல்லோரும் கிழவன் என்றே அழைத்தார்கள். கிழவனின் நெற்றியில் ஒரு விரிசல் இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் உருகிய பனி அதற்குள் இறங்க, விரிசல் இன்னும் கொஞ்சம் வாய் திறக்கும். என்றைக்காவது அந்தப் பாறை தண்ணீரில் விழும், விழுந்தால் எழும் அலை கரையோர வீடுகளின் கூரைக்கு மேலே நிற்கும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் உருளைக்கிழங்கு நட்டார்கள், படகுகளுக்கு வண்ணம் அடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள்.

“இப்ப இருக்கற அபாயச் சங்குக்கு என்ன?”

“அதை ஊதினா, பக்கத்து வீட்டு டிராக்டர் ஓடுதுன்னு நினைக்கறாங்க. போன வாரம் சோதனைக்கு ஊதினேன். ஒருத்தர் ஜன்னலைத் திறந்து, ‘வண்டியை அணைடா’ன்னு கத்தறார்.”

குன்வோர் கொஞ்சம் யோசித்தாள். தேவாலயத்தில் வாசிப்பதும் ஊரின் பாடகர் குழுவைப் பழக்குவதும் அவள் வேலை. வாழ்நாள் முழுவதும் அபசுரத்தைத் துரத்தியடித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவன் வந்து அபசுரம் கேட்கிறான். அவளுக்கு உள்ளூர ஒரு குறும்பு எழுந்தது. ஆர்கனின் பின்பக்கம் போய், ஒரு குழாயின் வளையத்தைத் தட்டி அதன் சுருதியை மயிரிழை இறக்கினாள். பிறகு வந்து உட்கார்ந்து, ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

இரண்டு சுரங்களும் ஒன்றையொன்று உரசின. உரசிய இடத்தில் மூன்றாவதாக ஏதோ ஒன்று பிறந்து நடுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எய்லிவ் பல் கூசி, தாடையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

“போதும், போதும்! எடுங்க கையை!”

“பிடிச்சிருக்கா?”

“இதான். இதேதான்.”

ஒரு சங்குக் குழலில் ஒரு சுரம்தான் வரும் என்பதால் இரண்டு கம்பங்கள் நட்டார்கள். ஒன்று ஊரில், பள்ளிக்கூட மேட்டில். மற்றொன்று அக்கரையில், கிழவனின் காலடியில். இங்கிருந்து கீழ்ச்சுரம், அங்கிருந்து மேல்சுரம். தனித்தனியாகக் கேட்டால் எந்தக் குற்றமும் சொல்ல முடியாத இரண்டு சுரங்கள் ஃபியோர்டின் நடுவே தண்ணீருக்கு மேல் சந்தித்துக் கோரமாகிவிடும்.

முதல் சோதனையில் ஆடுகள் வேலியை முட்டிச் சாய்த்தன. தபால்காரி வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஊருக்கு மேலே இருந்த மேட்டுப் பண்ணைக்கு ஓடினாள். குன்வோரின் கணவன் அஸ்லாக் தன் படகுக்கொட்டகையில் ஒரு டப்பா சிவப்பு வண்ணத்தை வெள்ளைப் படகின் மேல் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினான்.

“உன் மூளையில இருந்தா வந்துச்சு இந்தச் சனியன்? உன்னைப் போய் சங்கீதக்காரின்னு சொல்றாங்களே!”

அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் கிழவன் வழக்கத்தை விட வேகமாக நகர்ந்தான். நகராட்சி பயந்து, இனி புதன்கிழமைதோறும் மதியம் சங்கு ஊத வேண்டும் என்று முடிவெடுத்தது. “எல்லாருக்கும் காதுல ஊறணும்,” என்றான் எய்லிவ். “அப்பத்தான் நிஜமா வரும்போது குழம்ப மாட்டாங்க.”

காதில் ஊறத்தான் செய்தது.

எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் குளிர்காலத்தில் சங்கு ஊதும்போது பேச்சை நிறுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அடுத்ததில் பேச்சை நிறுத்தாமல் குரலை மட்டும் உயர்த்தினார்கள். பிறகு சங்கு ஊதினால் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பழுப்புப் பாலாடைக்கட்டியின் வாசனையும் அந்தச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. உப்பில் புளிக்க வைத்த மீனை முதல் தடவை தின்னும் குழந்தை முகத்தைச் சுளிக்கும். அப்புறம் அதுவே கிறிஸ்துமஸுக்கு அந்த மீனைக் கேட்டு அடம்பிடிக்கும். அப்படித்தான் இதுவும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“என் பொண்டாட்டிகூட இவ்வளவு சரியா சாப்பிடக் கூப்பிட்டதில்ல,” என்றார் கோல்பெய்ன். மீன் பண்ணையில் வேலை செய்பவர். பாடகர் குழுவில் அடிக்குரல்.

அந்தக் குளிர்காலத்தில்தான் குன்வோர் வசந்தத்தின் கடைசியில் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கென்று ஒரு புதிய துதிப்பாடல் எழுதினாள். கரையோரம் நடக்கும்போது, தண்ணீரிலிருந்து எழுந்து வந்ததுபோல அது தானாகவே வந்தது. முடிவுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. குரல்கள் எல்லாம் அலைந்து திரிந்து, கடைசியில் இரண்டே சுரங்களில் வந்து இறங்கும். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவது மாதிரி. குழுவும் அந்த இடத்தை ஆசை ஆசையாகப் பாடியது.

டோர்டிஸ் வந்தது அதற்குப் பிறகு. தெற்கே சமவெளி நகரத்திலிருந்து பள்ளிக்கூட ஆசிரியையாக, கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஊருக்கு வந்த மறுநாள் மாலையே பாடகர் குழுவில் சேர்ந்தாள். இசைக்குறிப்பைப் பார்த்ததுமே எந்தப் பாட்டையும் பாடிவிடுகிற தேர்ந்த குரல். புதிய பாடலின் முடிவு வந்ததும் அவள் பாடுவதை நிறுத்தினாள்.

“மன்னிச்சுக்குங்க. யாரோ சுருதி தப்பறாங்க.”

கோல்பெய்ன் நெஞ்சில் கைவைத்தார். “ஏம்மா, என்னையா சொல்ற? நான் தப்பினா இங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாங்க, அவ்வளவுதான்.”

“ஒருத்தர் இல்ல…” டோர்டிஸின் முகம் சிவந்தது. “எல்லாரும். எல்லாரும் சேர்ந்தே.”

அறை முழுவதும் சிரித்தது. குன்வோரும் சிரித்தாள். “இன்னொரு தடவை பாடலாம். பழகிடும் உனக்கு.”

மறுநாள் புதன். மதியம் சங்கு ஊதியது. குன்வோர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். டோர்டிஸ் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு பனியில் மேட்டுப் பண்ணையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. வேலியோரம் நின்றவர்கள் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். “ஏய் பொண்ணு, நில்லு! சோத்துச் சங்கு அது!”

குன்வோர் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அஸ்லாக் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தான். நெற்றியில் இருந்த சுருக்கங்கள் சங்கின் ஒலியில் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. அவன் உதடுகள் தூக்கத்திலேயே மெல்ல விரிந்தன.

குன்வோர் கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ஆர்கன் முன் உட்கார்ந்து அந்த இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தினாள். எய்லிவ் தாடையைப் பொத்திய அதே சுரங்கள். குழாயின் சுருதியை அவள் திருப்பி ஏற்றவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை ஞாயிறுகள் அதோடுதான் வாசித்திருக்கிறாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணை மூடிக் கோரத்தைத் தேடினாள். நடுக்கம் கேட்டது, ஆனால் அது மடியில் கிடக்கும் பூனை குர்ரென்பது மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டைகளில் சுத்தமான ஒரு இசைவை வாசித்துப் பார்த்தாள். அது வெளுத்து, தண்ணீராக, முடியாத வாக்கியம் போலத் தொங்கியது. கை தானாகவே பழைய இடத்துக்குப் போனது.

அன்று மாலையே எய்லிவைத் தேடிப் போனாள். அவனுடைய அறையில் கண்காணிப்புத் திரைகள் முழுவதும் கிழவனின் நெற்றி தெரிந்தது.

“சங்கை மாத்தணும்.”

“எதுக்கு? நல்லாத்தானே கேட்குது?”

“அதான் சொல்றேன். நல்லா இருக்கு. இனிக்குது. ஊரே அதைக் கேட்டுத் தூங்குது எய்லிவ்!”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “புது சத்தத்துக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும். குழலைக் கழட்டி மாத்தணும். பனி உருகற சமயத்துல சங்கு இல்லாம இருக்க முடியாது. இலையுதிர்காலத்துல பார்க்கலாம்.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “கேட்டா போதும் குன்வோர். பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா?” என்றான்.

“உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு அது?”

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைகளின் பக்கம் திரும்பினான்.

அடுத்த பயிற்சியில் பாடலின் முடிவை மாற்றிக் கொண்டு வந்தாள். சுத்தமான, பிசிறில்லாத முடிவு. பாடி முடித்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உப்பில்லாத மீன்,” என்றார் கோல்பெய்ன்.

“தாயே, எங்களை ஏன் இப்படி அந்தரத்துல விடற?” என்றாள் தபால்காரி. “பழசையே கொடு.”

டோர்டிஸ் மட்டும் புதிய முடிவுக்குத் தலையசைத்தாள். குன்வோர் பென்சிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மனம் சொன்னது. காது அவர்கள் பக்கம் இருந்தது. “சரி,” என்றாள். “பழசையே பாடுங்க.”

பெந்தெகொஸ்தே ஞாயிறு வெயிலோடு விடிந்தது. அருவிகள் கிழவனின் இரு பக்கமும் பெருத்து இறங்கின. கரையோரத்துச் சிறு மேட்டில் நின்ற தேவாலயம் மதியத்துக்குள் நிறைந்துவிட்டது. கச்சேரி என்பதால் எல்லோரும் கைப்பேசிகளை அணைத்து வைத்தார்கள். அஸ்லாக் உள்ளே வரவில்லை. படகுத்துறையை ஒட்டிய சபை வீட்டில், கச்சேரிக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுப்பதற்காகக் காபியும் வாஃபிளும் தயார் செய்துகொண்டிருந்தான். “உன் பாட்டோட கடைசி இடம் இங்கயே கேட்கும். அதுதான் எனக்கு அடையாளம். அப்ப காபியை இறக்கிடுவேன்,” என்று சொல்லியிருந்தான்.

கடைசியாகப் புதிய பாடலைப் பாடினார்கள். குரல்கள் அலைந்து, திரும்பி, ஒன்றையொன்று தேடி, அந்த இரண்டு சுரங்களில் வந்து இறங்கின. குன்வோர் கையை உயர்த்தி ஒலியைத் தாங்கிப் பிடித்தாள்.

அப்போது வெளியே சங்கு ஊதியது.

அது குழுவின் குரலுக்குள் ஒரு முனகல்கூட இல்லாமல் நுழைந்து பொருந்தியது. குரல் எங்கே முடிகிறது, சங்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தேவாலயமே ஒரு பெரிய மார்பு போல விம்மியது. முன்வரிசையில் இருந்தவர்களின் முகங்களில் புன்னகை படர்ந்தது. எய்லிவ் நமக்காகச் செய்திருக்கிறான் என்று யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்கள். குன்வோரும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு மூச்சு நேரம், அவன் தந்த பரிசு என்று நினைத்து அவளும் புன்னகைத்தாள்.

பிறகுதான் இன்று புதன் இல்லை என்பது அவளுக்குள் இறங்கியது.

கையை முஷ்டியாக மூடினாள். பயிற்சியில் பழகிய சைகை. குழு அந்தக் கணமே நின்றது. சங்கு நிற்கவில்லை.

“எழுந்திருங்க,” என்றாள் சபையைப் பார்த்துத் திரும்பி. “மேட்டுக்கு ஓடுங்க. இது நான் ஏற்பாடு பண்ணினதில்ல.”

யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவியது.

“ஓடுங்கன்னு சொல்றேன்!”

சிலர் பாதி எழுந்து, மற்றவர்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அச்சம் வருவதற்கு அந்தச் சத்தத்தில் இடமே இல்லை. அது அவர்களைத் தோளில் கைபோட்டு உட்காரவைத்தது. டோர்டிஸ் மட்டும் தன் வரிசையை விட்டு இறங்கி, பின்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி மடியில் இருந்த குழந்தையை எடுக்க ஓடினாள்.

அப்போது மேல்சுரம் அறுந்தது.

அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த சுரம். சட்டென்று, வாயைப் பொத்தியது போல. கீழ்ச்சுரம் மட்டும் தனியாக நீண்டது. தூய்மையான, நேரான, யாரும் குறை சொல்ல முடியாத ஒற்றைச் சுரம். அதைக் கேட்டதும் தேவாலயம் முழுவதும் உடல்கள் சிலிர்த்தன. ஒரு பெண் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அவ்வளவு கொடூரமான ஒன்றை அவர்கள் கேட்டதே இல்லை.

குழுவின் மேல்குரல் பெண்கள் இரண்டு பேர், தங்களை அறியாமலே வாயைத் திறந்து, காணாமல் போன சுரத்தைப் பாடி அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். ஒரு நொடி எல்லா முகங்களும் மறுபடி தளர்ந்தன.

“பாடாதீங்க!” குன்வோர் முஷ்டியை அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “கேளுங்க! அக்கரைக் கம்பம் போயிடுச்சு. கிழவன் விழுந்துட்டான்!”

இப்போது ஓடினார்கள். இருக்கைகள் சாய்ந்தன. கோல்பெய்ன் இரு கைகளிலும் யார் வீட்டுப் பிள்ளைகளையோ தூக்கிக்கொண்டு வாசலை நிறைத்தபடி போனார். குன்வோர் கடைசியாக வெளியே வந்தாள். ஃபியோர்டின் அந்தப் பக்கம் முழுவதும் சாம்பல் நிறத் தூசியாக இருந்தது. தூசிக்குக் கீழே தண்ணீர் எழுந்து நின்றது. அது வருவதுபோலவே தெரியவில்லை, வெறுமனே உயரமாகிக்கொண்டிருந்தது.

கீழே சபை வீட்டுக் கதவு திறந்தது. அஸ்லாக் காபிப் பாத்திரத்தோடு வெளியே வந்து, அக்கரையை நோக்கித் தலையைச் சாய்த்து நின்றான். ஏதோ குறைகிறது என்றுதான் அவன் வெளியே வந்திருக்க வேண்டும். அவள் அவன் பெயரைக் கத்தினாள். அவன் பாத்திரத்தைக் கீழே வைத்தான், மெதுவாக, சிந்தாமல். பிறகு ஓடி வந்தான்.

மேட்டுப் பண்ணையின் வேலியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பிப் பார்த்தபோது தேவாலயம் இல்லை, சபை வீடும் இல்லை. தேவாலயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அஸ்லாக்கும் வந்துவிட்டான், தோள்மூட்டு விலகி, ஒரு காலில் காலணி இல்லாமல். கீழ்த்தெரு வீடுகளில் மதியத் தூக்கத்தில் இருந்தவர்கள் வரவில்லை. பள்ளிக்கூட மேட்டுக் கம்பம் தன் ஒற்றைச் சுரத்தை ஊதிக்கொண்டே இருந்தது. யாராவது அதை நிறுத்துங்களேன் என்று தபால்காரி கெஞ்சினாள்.

விழுந்தது கிழவனின் இடுப்பு என்று பிறகு எய்லிவ் சொன்னான். யாரும் கண்காணிக்காத பகுதி; அது நெகிழ்ந்த அதிர்வு நெற்றியில் இருந்த கருவிகளுக்கு எட்டித்தான் சங்கு ஊதியிருந்தது. நெற்றி அப்படியே இருந்தது. அதன் விரிசல் இப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அக்கரையில் புதிய கம்பம் நட்டார்கள். இரண்டு குழல்களும் பழையவைதான். மேலிடம் அனுமதித்திருந்த சத்தம் அது ஒன்றுதான். ஒற்றைச் சுரமாக ஊதினால் ஊரே கிறுகிறுத்துப் போகிறது, இரண்டும் சேர்ந்தே ஊதட்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொள்ள, புதன்கிழமைச் சோதனையும் திரும்ப ஆரம்பித்தது. மாலைகளில் பள்ளிக்கூடத்தில் கூடிப் பாடினார்கள். இறந்தவர்களுக்காகக் குன்வோரின் பாடலையே பாட வேண்டும் என்றார்கள். அவளால் மறுக்க முடியவில்லை. அஸ்லாக் இப்போது மதியத்தில் தூங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். புதன்கிழமை மட்டும் கண் சொக்கும்.

இலையுதிர்காலத்தில் எய்லிவ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். புதிய சத்தத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது, தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

“என் காதை நம்பாதீங்க,” என்றாள் குன்வோர். “உங்க காதையும் வேண்டாம். அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. ஊர்ல மிச்சம் இருக்கறது அவ காது ஒண்ணுதான்.”

டோர்டிஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பியானோவுக்குப் பக்கத்தில் நின்றாள். குன்வோர் பல சுர இணைகளை வாசித்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் டோர்டிஸ் முகத்தைச் சுளித்தாள். குழந்தை சிணுங்கியது. எய்லிவ் நிம்மதியோடு தலையசைத்துக்கொண்டே இருந்தான்.

“எது ரொம்ப மோசம்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்டாள் டோர்டிஸ்.

“பழசோட ஒப்பிட்டுப் பார்,” என்றாள் குன்வோர். சுருதிச் சாவியை எடுத்து ஒரு கம்பியைத் தளர்த்தினாள். பிறகு அந்த இரண்டு கட்டைகளையும் அழுத்திவிட்டு, டோர்டிஸின் முகத்தைப் பார்த்தாள்.

முகம் சுளிக்கவில்லை. தோள்கள் இறங்கின. குழந்தை சிணுங்கலை நிறுத்தி, அம்மாவின் கழுத்தில் கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடியது.

“என்ன?” என்றாள் டோர்டிஸ், இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு. “ஏன் அப்படிப் பார்க்கறீங்க?”

எய்லிவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மழை பெய்துகொண்டிருந்தது, அந்த மழையிலும் கிழவனின் நெற்றி கறுப்பாகத் தெரிந்தது. சுரங்கள் தேய்ந்து அடங்கத் தொடங்கின.

“இன்னும் ஒரு தடவை வாசிங்களேன்,” என்றாள் டோர்டிஸ். “பிள்ளை இப்பத்தான் தூங்குது.”

குன்வோர் கையை எடுத்துவிட நினைத்தாள். விரல்கள் அந்தக் கட்டைகளை மறுபடி அழுத்தின.